மூன்று விநாடிச் சத்தம்

மாப்பிள்ளைக்கு நான் என்ன முறையாகணும்னு கேட்டீங்கல்ல? முறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவரு இந்தக் காரோட டைமிங் செயினை மாத்திக் குடுத்தவரு. அவ்வளவுதான். கரூர் மண்டபத்துல, பந்தியில எனக்கு ரெண்டு பக்கமும் உக்காந்திருந்தவங்களும் இதையேதான் கேட்டாங்க. செயினுன்னு சொன்னதும் ஒரு அம்மா என் கழுத்தைப் பாத்தாங்க. கழுத்துல போடற செயின் இல்லீங்க, எஞ்சினுக்குள்ள ஓடற செயின். சைக்கிள் செயினை இன்னும் கொஞ்சம் கெட்டியா நினைச்சுக்குங்க.

பெல்ட்டைப் போட்டுக்குங்க. இழுத்தா வரும். முன்னாடியெல்லாம் வராது. அதையும் அவருதான் சரி பண்ணுனாரு, நான் கேக்காமலே. அதைப் பின்னால சொல்றேன்.

நீங்க பொண்ணு வீட்டுக்காரங்க. பொண்ணுக்குப் பெரியம்மா மகளா? அப்ப உங்ககிட்ட நான் தப்பா ஒண்ணும் சொல்லிறக் கூடாது. நல்ல மனுசருங்க. தங்கமான மனுசரு. எனக்கு அவருமேல ஒரே ஒரு குறைதான். அதுவும் சின்னக் குறை.

நான் ஈரோடு கோர்ட்டுல டைப்பிஸ்டு. முப்பது வருசமாச்சு. சாட்சிக்காரங்க கூண்டுல நின்னு சொல்றதை அப்படியே அடிக்கறதுதான் வேலை. 'பாத்தேன்'னா பாத்தேன். 'பாத்த மாதிரி இருந்துச்சு'ன்னா பாத்த மாதிரி. அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு நான் அடிக்க முடியுங்களா? சொன்னதுதான் எனக்கு. அதனால உங்ககிட்டயும் நடந்ததை நடந்தபடி சொல்றேன். உங்களை ஊஞ்சலூர்ல இறக்கி விட இன்னும் நேரம் கிடக்குது.

இந்த வண்டிக்கு இருபத்தோரு வயசு. எங்கம்மாவுக்காக வாங்குனது. அவங்களுக்குக் கிட்னி போயிருச்சு, வாரத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகணும். பஸ்ஸுல ஏற முடியாது. ஆட்டோவுல குலுங்குனா வாந்தி எடுப்பாங்க. அதனால நாப்பத்தஞ்சு வயசுல நான் டிரைவிங் கத்துக்கிட்டேன். யாரோ ஓட்டுன பழைய வண்டியா வாங்கி ஏழு வருசம் அவங்களைக் கூட்டிட்டுப் போனேன். அவங்க போயி நாலு வருசமாச்சு. நீங்க உக்காந்திருக்கறது அவங்க சீட்டுத்தான். ஐயோ, சங்கடப்படாதீங்க. சும்மா சொன்னேன். நல்லாச் சாஞ்சு உக்காருங்க.

அண்ணன் ஒருத்தர் இருக்கறாரு, புனேயில. பொங்கலுக்குப் போன் பண்ணுவாரு. இந்தப் பொங்கலுக்கு லைன் கிடைக்கலையாம்.

போன ஆனி மாசம் ஒரு திங்கக்கிழமை. காலைல எட்டே முக்காலுக்குச் சாவியைத் திருப்புனேன். கடகடகடன்னு ஒரு சத்தம். தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குன மாதிரி. சரியா மூணு விநாடி. அப்புறம் நின்னுபோச்சு. வண்டி எப்பவும் போல ஓடுச்சு. சாயங்காலம் கோர்ட்டுல இருந்து கிளம்பறப்ப ஒரே ஒரு விநாடி. மறுநாள் காலைல திரும்பவும் மூணு.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், எத்தனை விநாடி, முந்தின நாள் எத்தனை மணிக்கு வண்டியை நிறுத்துனேன், மழையா வெயிலா. சிரிக்கறீங்க. எங்க ஆபீசுலயும் சிரிச்சாங்க. ஆனா வாய்ல சொன்னா யாரு நம்பறாங்க, சொல்லுங்க?

மொதல்ல ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பேரு எதுக்கு. மத்தியானம் லஞ்சு நேரத்துல போனேன், எஞ்சின் சூடா இருந்துச்சு. அவங்க நாலு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாங்க, ஒரு சத்தமும் வரலை. "பழைய வண்டிம்மா, அப்படித்தான் இருக்கும்"னாங்க. சத்தமே வரலைன்னா அப்புறம் எது அப்படித்தான் இருக்கும்? ரெண்டாவது ஒருத்தர் எஞ்சினுக்குள்ள டாப்பெட்டுன்னு ஒண்ணு லூசுன்னு சொல்லி ஏதோ டைட் பண்ணுனாரு. மறுநாள் காலைல அதே மூணு விநாடி. போய்ச் சொன்னா, வேற வண்டி வாங்கிருங்கன்னாரு.

எங்க வீட்டு மாடியில குடியிருக்கற பொண்ணு ஒருநாள் சொல்லுது, "உங்க வீட்டுல பேசறதுக்கு ஆளில்லீங்கல்ல மேடம், அதான் சின்னச் சத்தம்கூட உங்களுக்குப் பெருசாக் கேக்குது." சூரம்பட்டியில எங்க தெருவுல என்னைய மாதிரி நிம்மதியா இருக்கறவங்க யாருமில்லீங்க. டி.வி. இருக்குது. ரேடியோ இருக்குது. எனக்குத் தனியா இருக்கறது பழகிப்போச்சு. அந்தப் பொண்ணுகிட்ட ரெண்டு மாசம் பேசலை நான்.

இந்த லாரி போயிரட்டும். ஓவர்டேக் பண்ணறதெல்லாம் எனக்கு ஆகாது.

அப்புறம்தான் கோர்ட்டுல சம்மன் குடுக்கற ஒருத்தரு, கருங்கல்பாளையத்துல ஒரு மெக்கானிக் இருக்கறாரு, கூட்டம் இருக்காது, ஆனா நிதானமாப் பாப்பாருன்னு சொன்னாரு. போனேன். ஒரு தகரக் கொட்டகை. வாசல்ல வேப்பமரம். நம்ம மாப்பிள்ளை சென்னியப்பன் அங்க ஒரு ஸ்கூட்டரு முன்னால குந்தி உக்காந்திருந்தாரு. அன்னிக்கு இப்ப இருக்கற மாதிரியெல்லாம் இல்லீங்க. தாடி வளந்து கெடந்துச்சு. சம்சாரம் செத்து ஒம்பது வருசமாம். அதைப் பின்னால அவரே சொன்னாரு. புள்ளைங்க இல்லை.

நான் சொன்னதைக் குறுக்க பேசாமக் கேட்டாரு. நோட்டைக் குடுத்தேன். கையைத் துடைச்சுட்டு வாங்குனாரு. ஒவ்வொரு பக்கமாப் படிச்சாரு. முப்பத்தேழு நாளுக்கு எழுதியிருந்தேன். முப்பத்தேழையும் படிச்சாருங்க. அப்புறம், "இவ்வளவு ஒழுங்கா யாரும் எங்கிட்டச் சொன்னதில்லீங்க மேடம்"னாரு.

"வண்டிக்கு என்னங்க?"ன்னேன்.

"படிச்சதை வெச்சுச் சொல்லக் கூடாதுங்க. கேட்டாத்தான் சொல்லுவேன். வண்டியை இங்க விட்டுட்டுப் போங்க. ராத்திரி முழுக்க ஆறட்டும். காலைல ஏழு மணிக்கு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் சாவியைத் தொட மாட்டேன். ரெண்டு பேருமாச் சேந்து கேக்கலாம்."

மறுநாள் பஸ்ஸப் புடிச்சு ஏழு மணிக்குப் போயிட்டேன். பானெட்டைத் தூக்கி வெச்சிருந்தாரு. ஒரு முழ நீளத்துக்கு ஸ்க்ரூடிரைவர், அதோட நுனியை எஞ்சினோட முன்பக்க மூடியில ஊனி, கைப்பிடியைக் காதுல வெச்சுக்கிட்டாரு. டாக்டரு நெஞ்சுல வெச்சுப் பாப்பாங்கல்ல, அந்த மாதிரி. "ஸ்டார்ட் பண்ணுங்க"ன்னாரு. திருப்புனேன். கடகடகட. கையைத் தூக்குனாரு. நிறுத்துனேன்.

"கேட்டுச்சுங்களா?"ன்னேன்.

"கேட்டுச்சுங்க."

முப்பத்தெட்டாவது நாளு எனக்கு ஒரு சாட்சி கிடைச்சுதுங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சு. வண்டிப் புகைதான். அந்தக் கொட்டகையில காத்தோட்டமே கிடையாது.

ஆனா அவரு உடனே முடிவு சொல்லலை. அதான் எனக்குப் புடிச்சது. அந்தச் சத்தம் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கிடைக்கும், பாத்துக்குங்க. எஞ்சின் ஆறியிருக்கணும். ஒரு தடவை கேட்டுட்டா அடுத்த நாள் காலைலதான். அதனால அஞ்சு நாள், தினமும் ஏழு மணிக்கு நான் போகணும். ரெண்டாம் நாள் வெளியில ஓடற ஃபேன் பெல்ட்டைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு. அப்பவும் சத்தம் வந்துச்சு. அப்ப அந்த பெல்ட்டு சுத்தற ஆல்டர்னேட்டருலயும் இல்லை, தண்ணி பம்ப்புலயும் இல்லை, சத்தம் உள்ள இருந்துதான்னாரு. மூணாம் நாள் ஆயிலும் ஃபில்டரும் மாத்திட்டுக் கேட்டோம். ரெண்டு விநாடியாக் குறைஞ்சுது. எனக்கு சந்தோசம். அவரு தலையை ஆட்டுனாரு. நாலாம் நாள் மறுபடியும் மூணு. அஞ்சாம் நாள்தான் மேல் மூடியைத் திறந்தாரு.

"இங்க பாருங்க மேடம்"னு விரலை விட்டு அந்தச் செயினைத் தூக்கிக் காட்டுனாரு. தொளதொளன்னு இருந்துச்சு. செயின் தளராம இருக்க ஒரு பக்கத்துல இருந்து ஒண்ணு அழுத்திக்கிட்டே இருக்குமாம். டென்ஷனருன்னு பேரு. ஆயில் அழுத்தத்துல வேலை செய்யறது. வண்டி ராத்திரி பூராவும் நின்னு கெடந்தா அதுல இருக்கற ஆயில் வடிஞ்சுரும். காலைல ஆயில் மறுபடி ஏறி அழுத்தற வரைக்கும், அந்த மூணு விநாடி, செயின் ஆடி மூடியில போய் அடிக்கும். புதுச் செயினா இருந்தாத் தாங்கிக்குமாம். இது தேஞ்சு நீண்டுபோச்சு. செயினுக்கு அண்டையில வர்ற பிளாஸ்டிக் பட்டை ஒண்ணு உடைஞ்சு, துண்டு துண்டா அடியில ஆயிலுக்குள்ள கெடந்துச்சு. எடுத்து என் உள்ளங்கையில வெச்சாரு.

"இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தா செயின் பல்லு தாண்டியிருக்குமுங்க. தாண்டுச்சுன்னா உள்ள ஒண்ணோட ஒண்ணு மோதி எஞ்சினே போயிரும். நடுரோட்டுல நின்னிருப்பீங்க. தனியா." அப்படீன்னு சொல்லிட்டு, "நீங்க கேட்டீங்க, தப்பிச்சுது"ன்னாரு.

அன்னிக்குக் கோர்ட்டுல நாலு பக்கத்துல ஒரு தப்புகூட வராம அடிச்சேன்.

ஜன்னலை வேணும்னா ஏத்திக்குங்க. காத்து முகத்துல அடிக்குது. நொய்யல் தாண்டிட்டோம்.

அப்புறம் சாமான் வரணும். இந்த மாடலை நிறுத்தியே பத்து வருசமாச்சு. செயின், டென்ஷனர், ரெண்டு பட்டை, பல்சக்கரம், எல்லாம் ஒரே செட்டா வேணுமுன்னாரு. கோயமுத்தூர்ல இல்லை. மெட்ராஸ்ல இல்லை. டெல்லியில இருந்து வரவழைச்சாரு. பதினெட்டு நாளாச்சு. அந்தப் பதினெட்டு நாளும் நான் கோர்ட்டு விட்டதும் அங்க போயிருவேன். சும்மா விட்டுட்டா நம்ம வேலையை ஓரத்துல போட்டுருவாங்கல்ல? மேற்பார்வை வேணும். அஞ்சே முக்காலுக்குப் போனா ஏழு மணி வரைக்கும் இருப்பேன்.

மொத நாள் ஒரு பழைய டயர்மேல உக்காந்தேன். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்திருந்துச்சு, புதுசு, லேபிளைக்கூடக் கிழிக்கலை. அதுக்கு மறுநாள் அதுமேல ஒரு சின்ன மெத்தை. வர்றவங்களுக்கு வசதி பண்ணித் தர்றாரு, தொழில் தெரிஞ்சவருன்னு நினைச்சேன். வேற யாரும் அதுல உக்காந்து நான் பாக்கலை. நான் டீயில சர்க்கரை போட மாட்டேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதுக்கப்புறம் சர்க்கரை இல்லாமத்தான் வந்துச்சு. எங்க ஆபீசுல முப்பது வருசமாச் சொல்றேன், இன்னும் போட்டுத்தான் தர்றாங்க.

என்ன பேசுனோம்னு கேட்டா... எல்லாந்தான். நான் கேஸுங்களைப் பத்திச் சொல்லுவேன். அவரு அவங்க சம்சாரத்தைப் பத்திச் சொன்னாரு, ஒரே ஒரு தடவை. காய்ச்சல்னு படுத்தவங்க நாலே நாள்ல போயிட்டாங்களாம். "அதுக்கப்புறம் வீட்டுக்குப் போறதே தூங்கத்தானுங்க"ன்னாரு. நான் சொன்னேன், அப்படியெல்லாம் இருக்கக் கூடாது, வீட்டுல ஒரு ஒழுங்கு வேணும், என்னையப் பாருங்க, ராத்திரிக்கு ரெண்டு தோசை, எட்டரை மணிக்கு நியூஸு, ஒம்பதரைக்குப் படுத்துருவேன்னு. அவரு ரொம்ப நேரம் ஸ்பானரைத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு. அதுக்கப்புறம் ஒருநாள் தாடியை எடுத்துட்டு வந்தாரு. நான்தான் சொன்னேன், இப்பப் பாக்கறதுக்கு வக்கீல் குமாஸ்தா மாதிரி இருக்கறீங்கன்னு. காது வரைக்கும் சிவந்துபோச்சு அவருக்கு. கிண்டல் பண்ணிட்டேனோன்னு சங்கடமாப் போச்சு எனக்கு.

சாமான் வந்த அன்னிக்கு நான் அரை நாள் லீவு போட்டேன். பழைய செயினையும் புதுச் செயினையும் ஒரே ஆணியில மாட்டிக் காட்டுனாரு. பழசு ஒரு விரக்கடை நீளமா இருந்துச்சு. புதுச் செயினை மாட்டறப்ப மேல ஒரு குறி, கீழ ஒரு குறி, ரெண்டும் நேரா நிக்கணும். ஒரு பல்லு மாறுனாலும் எஞ்சின் கெட்டுரும். "எங்கண்ணு ஒரு தடவை பாத்தாச்சு. உங்க கண்ணு ஒரு தடவை பாக்கட்டும்"னு டார்ச்சை எங்கிட்டக் குடுத்தாரு. நான் குனிஞ்சு பாத்தேன். வெள்ளைப் புள்ளி வெள்ளைப் புள்ளிக்கு நேரா இருந்துச்சு. "சரியா இருக்குதுங்க"ன்னேன். கையாலயே எஞ்சினை ரெண்டு சுத்துச் சுத்திட்டு மறுபடியும் பாக்கச் சொன்னாரு. அப்பவும் சரியா இருந்துச்சு. என் வாழ்நாள்ல யாரும் எங்கிட்ட ஒரு விசயத்தைக் காட்டி, இது சரியான்னு கேட்டதில்லீங்க. அடிங்கன்னுதான் சொல்லுவாங்க.

மறுநாள் காலைல ஏழு மணி. சாவியைத் திருப்புனேன். ஒண்ணுமே இல்லை. ஸ்டார்ட் ஆனதே தெரியலை. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே நின்னோம், என்னமோ கேக்கப் போகுதுங்கற மாதிரி.

சோதனைக்கு நான் ஓட்டுனேன், அவரு அந்த சீட்டுல உக்காந்தாரு. அம்மாவுக்கப்புறம் அதுல உக்காந்த மொத ஆளு அவருதான். நீங்க ரெண்டாவது. பவானி ரோட்டுல கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்புனோம். கண்ணை மூடிக்கிட்டு வந்தாரு, எஞ்சின் சத்தம் கேக்கறதுக்கு. திரும்பி வந்தப்புறமும் கண்ணைத் திறக்கலை. தூங்கிட்டாரோன்னு பாத்தேன். தூங்கலை.

அதுக்கப்புறமும் ரெண்டு நாள் வண்டியைத் தரலீங்க. இன்னும் பாக்கணும், இன்னும் பாக்கணும்னாரு. கோபமா வந்துச்சு எனக்கு. வாங்கறப்பப் பாத்தா, நான் சொல்லாத வேலையெல்லாம் செஞ்சு வெச்சிருக்கறாரு. இந்த பெல்ட்டு. அந்த டேஷ்போர்டு கதவு. ஹாரன். அம்மா எச்சில் துப்பறதுக்குன்னு நான் கதவுல கட்டியிருந்த டப்பா ஒண்ணு, அதோட கறை. அதைக்கூடச் சுரண்டி எடுத்திருந்தாரு. "கேக்காத வேலையை எதுக்குங்க செஞ்சீங்க?"ன்னேன். "செய்யணும்னு தோணுச்சுங்க"ன்னாரு. அது ஒரு பதிலா? சாட்சி அப்படிச் சொன்னா வக்கீல் சும்மா விடுவாரா?

இனிமேத்தான் என் குறையைச் சொல்றேன்.

வண்டி வந்த மறுநாளு காலைல எட்டே முக்காலுக்கு எல்லாம் போன் வருது. "மேடம், சத்தம் வந்துச்சுங்களா?" "இல்லீங்க." "சரிங்க." வெச்சுட்டாரு. மறுநாளும் அதே. அதுக்கு மறுநாளும். ஒரு வாரம் சரி. வேலை செஞ்சவருக்கு அக்கறை இருக்கும். புரட்டாசி பூரா தினமும் வந்துச்சுங்க. நான் சாவியைத் திருப்பி, மூணு விநாடி காது குடுத்து, ஒண்ணும் இல்லைன்னு ஆனதும் போன் அடிக்கும். அப்புறம் அப்புறம் கேள்வி மாறுச்சு. "சத்தம் இல்லீங்களே? சாப்பிட்டீங்களா?"ம்பாரு. நான் சாப்பிடறதுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்? "இன்னிக்கு மழை வர்ற மாதிரி இருக்குது, பாத்து ஓட்டுங்க"ம்பாரு. கடைசியில ஒருநாள் நானே சொல்லிட்டேன். "சென்னியப்பன், உங்க வேலையில எனக்குப் பூரண நம்பிக்கை. இனிமே நீங்க சிரமப்பட்டுப் போன் பண்ண வேண்டாம். சத்தம் வந்தா நானே கூப்பிடறேன்"னு. மரியாதையாத்தான் சொன்னேன். "சரிங்க மேடம்"னாரு. தீபாவளிக்கு மட்டும் ஒரு தடவை பண்ணுனாரு.

ஐப்பசி கடைசி ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி இருக்கும். வாசல் கேட்டுப் பக்கத்துல யாரோ நிக்கறாங்க. பாத்தா இவரு. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. கூட அவங்க அக்கா ருக்குமணி. நீங்க மண்டபத்துல பாத்திருப்பீங்க, அரக்குச் சேலை, அவங்கதான். அவங்க கையில ஒரு பை. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. என்னங்க, செயின்ல ஏதாவது தப்புப் பண்ணிட்டீங்களான்னேன்.

இவரு அக்காவைப் பாத்தாரு. அக்காதான், "சும்மா, வண்டி எப்படி ஓடுதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்"னாங்க.

நான் விறுவிறுன்னு உள்ள போயிச் சாவியை எடுத்துட்டு வந்தேன். அன்னிக்கு வண்டியை எடுக்கவே இல்லை, நல்லா ஆறியிருந்துச்சு. அவங்க ரெண்டு பேரையும் முன்னால நிக்க வெச்சு பானெட்டைத் தூக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுனேன். "கேளுங்க. ஏதாவது சத்தம் கேக்குதா?" அந்தக்கா என்னையப் பாத்தாங்க, தம்பியைப் பாத்தாங்க. "இல்லை கண்ணு, ஒண்ணும் கேக்கலை"ன்னாங்க.

அப்புறம் வீட்டை ஏறிட்டுப் பாத்துட்டு, "இவ்வளவு பெரிய வீட்டுல தனியாவா இருக்கறே?"ன்னாங்க.

"ஆமாங்க. எனக்கு யாரும் வேண்டியதில்லை. பழகிப்போச்சு"ன்னேன். உள்ளதைத்தானே சொல்லணும்.

இவரு கேட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டு, செருப்பு நுனியால தரையைத் தேச்சுக்கிட்டே இருந்தாரு. வெயில் நேரா மொகத்துல அடிச்சுது. தண்ணி கொண்டு வந்து குடுத்தேன். குடிச்சாங்க. நான் அவருகிட்டச் சொன்னேன், "ஒரு குறையும் இல்லீங்க. நீங்க செஞ்ச வேலைக்கு இனிமே நீங்க இங்க வரவேண்டிய அவசியமே இருக்காது." பாராட்டித்தான் சொன்னேன். அவரு, "சந்தோசமுங்க"ன்னாரு. கிளம்பிட்டாங்க.

திரும்பிப் பாத்தா அந்தப் பை வண்டி மேலயே இருக்குது. ஆப்பிளு, சாத்துக்குடி, ரெண்டு முழம் மல்லிகைப்பூ, ஒரு டப்பாவுல ஸ்வீட்டு. யாரு வீட்டுக்கோ கொண்டு போறதுக்கு வாங்குனது, மறந்துட்டாங்க பாவம். தெரு முக்கு வரைக்கும் ஓடிப் போயிக் குடுத்தேன். "மறந்துட்டுப் போறீங்களே!"ன்னேன். மூச்சு வாங்குது எனக்கு. அக்கா வாங்கலை, கையைப் பின்னால வெச்சுக்கிட்டாங்க. இவருதான் வாங்கிக்கிட்டாரு. "ஆமாங்க, மறந்துட்டோம்"னு சொல்லி வாங்கிக்கிட்டாரு.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு போன் கிடையாதுங்க. ஒண்ணுகூட. நான் வேண்டாம்னு சொன்னது வாஸ்தவம். ஆனா வேண்டாம்னு சொன்னா நிறுத்திர்றதா? காலைல எட்டே முக்காலுக்குச் சாவியைத் திருப்பறேன். சத்தம் இல்லை. அப்புறம் போனைக் கையில வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் வண்டியிலயே உக்காந்திருப்பேன். அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். பழக்கதோசம். மூணு தடவை கோர்ட்டுக்கு லேட்டாப் போயிப் பேச்சு வாங்குனேன்.

கார்த்திகையில ஒரு தடவை வைப்பரை மாத்தற சாக்குல... சாக்குன்னு இல்லை, வைப்பர் நெசமாவே தேஞ்சுதான் இருந்துச்சு. போனேன். நின்னுக்கிட்டே மாத்திக் குடுத்துட்டாரு. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுபோச்சு. அந்த நாற்காலி அங்க இல்லை. நானும் கேக்கலை. "சத்தம் ஏதாவது வருதுங்களா?"ன்னாரு. வருதுன்னு சொல்லியிருந்தா வண்டியை விட்டுட்டுப் போகச் சொல்லியிருப்பாரு. எனக்குப் பொய் சொல்ல வராதுங்க. "இல்லீங்க"ன்னேன்.

அப்புறம் பத்திரிகையோட கோர்ட்டுக்கே வந்தாரு, பொங்கல் முடிஞ்சு. கரூர்ல பொண்ணு, தையல் கடை வெச்சிருக்கறாங்க, அக்காதான் பாத்து முடிச்சாங்கன்னாரு. எல்லாரும் கைகுடுத்தாங்க. எங்கிட்ட வந்து, "வரணும்னு கட்டாயமில்லீங்க மேடம்"னாரு. பத்திரிகை குடுக்கறப்ப யாராவது அப்படிச் சொல்லுவாங்களா? அதுவும் மனசுல தைச்சுது. அதனாலயே லீவு போட்டு வந்தேன்.

வசந்தாமணி நல்ல பொண்ணுங்க. உங்க தங்கச்சிங்கறதுக்காகச் சொல்லலை. தாலி கட்டி முடிச்சப்புறம் அவரு தலையில அட்சதை ஒட்டியிருந்துச்சு. யாரும் பாக்கலைன்னு நினைச்சு அந்தப் பொண்ணு மெதுவாக் கையை நீட்டி, ஒவ்வொண்ணா எடுத்து விட்டுச்சு. அவரு குனிஞ்சு குடுத்தாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் எந்திரிச்சுப் பந்திக்குப் போயிட்டேன். காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலை, அதுதான்.

கை கழுவற இடத்துல அக்கா ருக்குமணி என்னையப் பாத்துட்டாங்க. ஈரக் கையோடயே என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "அன்னிக்கு நீ ஒரு வார்த்தை, உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்லியிருந்தா..."ன்னாங்க. அதுக்குள்ள யாரோ கூப்பிட்டாங்க, போயிட்டாங்க. எனக்கு அதுதான் ரொம்ப சங்கடமாப் போச்சுங்க. அவங்க சொல்றது நாயம்தானே? பெரியவங்களை வெயில்ல நிக்க வெச்சுட்டேன். இத்தனை மாசம் மனசுல வெச்சிருக்கறாங்க பாருங்க. உக்காரச் சொல்லியிருக்கலாம். காப்பி போட்டுக் குடுத்திருக்கலாம். பாலெல்லாம் இருந்துச்சு. ஏன் எனக்குத் தோணலைன்னு இதோ கரூர்ல இருந்து யோசிச்சுக்கிட்டேதான் ஓட்டறேன்.

உங்களுக்கென்ன, கண்ணுல தூசி விழுந்துருச்சுங்களா? ஜன்னலை ஏத்திக்குங்கன்னு அப்பவே சொன்னேன்.

அன்பளிப்பைக் குடுத்துட்டுக் கிளம்பலாம்னு மேடை ஏறுனேன். அவரு எந்திரிச்சு நின்னு கும்புட்டாரு. பொண்ணுகிட்ட, "இவங்கதான்"னாரு. அந்தப் பொண்ணு, "தெரியும்"னு சிரிச்சுச்சு. என்ன தெரியும், எப்படித் தெரியும்? போட்டோ எடுக்கறவரு, "மேடம், அப்படியே மாப்பிள்ளை பக்கத்துல நில்லுங்க"ன்னாரு. நின்னேன். கையை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை. பையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். அதுக்குள்ள உங்க ஆளுங்க ஒரு கூட்டம் மேல ஏறிட்டாங்க. சொந்தம்ல, எல்லாரும் ஒரே போட்டோவுல நிக்கணுமில்ல. போட்டோக்காரரு, "அம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க"ன்னாரு. தள்ளுனேன். "இன்னும் கொஞ்சம்"னாரு. தள்ளுனேன். "பச்சைச் சேலைம்மா, இன்னும் கொஞ்சம்." தள்ளித் தள்ளி மேடை படிக்கட்டுக்கே வந்துட்டேன். அதுக்கப்புறம் அங்க நிக்கறதுல என்ன இருக்குதுன்னு அப்படியே இறங்கி வெளிய வந்துட்டேன். யாரும் பாக்கலை. நீங்க ரோட்டோரமாப் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தீங்க.

ஊஞ்சலூர் பிரிவு வந்துருச்சு போலருக்குது. இங்கயே நிறுத்தட்டுங்களா? உள்ள எவ்வளவு தூரம்? நடந்தெல்லாம் போக வேண்டாங்க, இந்த வெயில்ல. வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விடறேன். என்னது? உள்ள வந்து காப்பி குடிச்சுட்டுத்தான் போகணுமா? எனக்குங்களா?

வர்றேனுங்க. எனக்கென்ன அவசரம்.